மாத்திரை இருக்கிறது, பேச ஆள் இல்லை: ஓசூர்–கிருஷ்ணகிரி எச்.ஐ.வி. உள்ளோரின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியருக்கு, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு, தொழிலாளர் துறைக்கு, இஎஸ்ஐ நிர்வாகத்துக்கு, ஓசூர் மாநகராட்சிக்கு, சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் அவற்றுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்களுக்கும், எல்லாக் கொடிகளையும் சேர்ந்த தொழிற்சங்கங்களுக்கு:

மாத்திரை கிடைக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் நன்றி கெட்டவர்கள் என்ற பேர் வரும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன்னால் நிலத்தை விற்று மருந்து வாங்கினார்கள், நிலம் இல்லாதவர்கள் செத்தார்கள். 2017இலிருந்து எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. தொற்று உறுதியானதும் மாத்திரை தொடங்குகிறது. எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு நைட் ஷிப்டில் நின்றவர்களுக்குத் தெரியும், தலை சுற்றலும் கெட்ட கனவும் என்ன பாடுபடுத்தின என்று. இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. நாளுக்கு ஒன்று. எங்களில் பலருக்கு அதைப் போட்டுக்கொண்ட நினைப்புகூட இருப்பதில்லை.

தவறாமல் போட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்குகிறது. இறங்கி அப்படியே நிற்கும் வரை உடலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை. எங்கள் மனம் தேறுவதற்காக யாரோ சொன்ன வார்த்தை இல்லை இது. 2011இல் முடிவு வெளியான எச்பிடிஎன் 052 என்ற பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு மையம். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகள் தங்கள் படுக்கையறை வாழ்க்கையை மருத்துவத்துக்குத் திறந்து காட்டியதால் உலகத்துக்குக் கிடைத்த உண்மை இது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நூறு பேரிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரியும் என்று.

எங்களுக்குக் கிடைக்காதது ஒன்றுதான். பேச ஆள் இல்லை. இந்தச் சாசனத்தின் எல்லாக் கோரிக்கைகளும் அதிலிருந்து கிளைத்தவை. மனத்துணை என்பதைச் சிகிச்சை முடிந்தபின் நேரம் இருந்தால் செய்யும் உபசாரமாக நினைக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களை எங்களுக்குத் தெரியும். மாத்திரை தீர்ந்துபோய் நிறுத்தியவர்கள் அவர்களில் குறைவு. மனம் விட்டுப்போய் நிறுத்தியவர்களே அதிகம்.

இந்த ஊரின் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி வந்துவிடும். எழுபதுகளில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வேலை தேடி வருகிறவர்களின் ஊர். லாரிக்கு, பைக்குக்கு, கைக்கடிகாரத்துக்கு என்று ஆரம்பித்த கம்பெனிகளோடு இப்போது செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. சூளகிரி, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் கம்பெனி பஸ் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்கிறார்கள். கிருஷ்ணகிரியோ சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் முட்டிக்கொள்ளும் சந்தி. லாரிகள் நிற்காத இரவு கிடையாது. மாங்கூழ் ஆலைக்குச் சீசன் ஆள், கிரானைட் குவாரிக்குக் கான்ட்ராக்ட் ஆள், பாகலூர் ரோஜாப் பசுமைக்குடிலுக்குத் தினக்கூலி ஆள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது இங்கே பிறந்த மொழிகள். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் ரயிலேறி வந்தவை. இவ்வளவு மொழி பேசும் ஊரில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எந்த மொழியிலும் யாரும் பேசுவதில்லை.

நாங்கள் யார் என்றால் மேலே சொன்ன எல்லோரும்தான். லேத் ஓட்டுகிறவர், ஹாஸ்டலில் இருக்கும் பெண், கிளீனராக ஏறி டிரைவரானவர், புருஷன் செத்தபின் பூ கட்டுகிறவர். இந்தச் சாசனத்துக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கூடினோம். இடம் கிருஷ்ணகிரி அணைப் பூங்கா. மீன் வறுவல் வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சுற்றுலா வந்த குடும்பம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் விஷயத்தைப் பேசவில்லை. மீனைப் பற்றித்தான் பேசினோம்.

1. நேரம்

ஏ ஷிப்ட் காலை ஆறு மணிக்கு ஆரம்பம். கூட்டு மருந்து மையம் திறந்திருப்பதோ நாங்கள் மெஷின் முன் நிற்கும் நேரத்தில். மாத்திரை வாங்க ஒரு நாள் லீவு போட்டால் கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்றைய கூலி போகும். வருகை ஊக்கத்தொகை உள்ள இடத்தில் அதுவும் போகும். மாதாமாதம் அதே தேதியை ஒட்டி லீவு கேட்கிறவனைச் சூப்பர்வைசர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பிப்பார். “என்னப்பா, மாசாமாசம் எங்க போற?” இந்தக் கேள்விக்குப் பயந்து நாள் தள்ளிப்போட்டவர்கள் எங்களில் பாதிப் பேர்.

இரவு எட்டு மணி வரை வாரத்தில் இரண்டு நாளும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மையம் திறந்திருக்க வேண்டும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வழிகாட்டுதல் இடம் தருகிறது. எங்கள் மாவட்டத்தில் அதைக் கேட்டுக் கெஞ்சாமல் பெறும்படி செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தரும் நல்ல திட்டம். அதே போல எங்களுக்கும் வீடு தேடி அனுப்பலாமே என்று ஒரு அதிகாரி அன்போடு சொன்னார். ஐயா, வேண்டாம். பத்து வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கும் லைன் வீடுகளில் யார் வந்தார், எதற்கு வந்தார் என்பது தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எங்களில் பலர் பக்கத்து மையத்தில் தெரிந்த முகம் தென்படும் என்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள். சிகிச்சைப் பதிவுள்ள பச்சைப் புத்தகத்தைக் காய்கறிப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள். எங்கே, எப்படி வாங்குவது என்பதை நாங்கள் தேர்ந்துகொள்ள விடுங்கள்.

2. பேச ஆள்

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை நாடே பேசியது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. ரத்த வங்கிகளைப் பற்றிய விவாதம் பல வாரம் ஓடியது, ஓட வேண்டியதுதான்.

ரத்தம் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஒளிந்துகொள்ளவில்லை. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவனே தகவல் சொன்னான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. விஷயம் ஊருக்குத் தெரிந்து, தொலைக்காட்சியில் ஓடி, அந்த மாதம் முடிவதற்குள் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இந்தக் கதையில் முழுக்க நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான். அந்தச் சில நாட்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, இதோடு எழுபது வயது வரைக்கும் வாழலாம்டா” என்று சொல்ல யார் இருந்தார்கள்?

எங்கள் அணைப் பூங்காக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு லாரி டிரைவர் அண்ணன் எழுந்து போய் அணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “ரிசல்ட் வந்த அன்னைக்கு நானும் தொப்பூர் கணவாயில வண்டிய ஓரம் கட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

எனவே கேட்கிறோம். தொற்று உறுதியான நாளிலிருந்து முதல் மூன்று மாதத்துக்கு ஒவ்வொருவருக்கும் பெயர் தெரிந்த ஒரு ஆலோசகரும், ஏற்கெனவே பல ஆண்டாகத் தொற்றோடு வாழும் ஒரு துணைவரும் ஒதுக்கப்பட வேண்டும். துணைவர் என்றால் அதே மொழி பேசுகிறவர், முடிந்தால் அதே வேலை செய்கிறவர். ரிசல்ட் சொல்லும் நாளில் ஆலோசகர் இல்லையென்றால் ரிசல்ட் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. எங்களில் ஒருவருக்கு வெளி லேப் ஒன்றிலிருந்து அப்படித்தான் வந்தது, கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில்.

1097 என்ற தேசிய உதவி எண்ணும், மனநலத்துக்கான 14416 எண்ணும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கும்போது எங்கே போய்ப் பேசுவது? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் தூரத்தில் கதவு மூடிப் பேச ஒரு அறை வேண்டும். பலகையில் எய்ட்ஸ் என்றோ எச்.ஐ.வி. என்றோ எழுத வேண்டாம். எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையங்களுக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்தார்கள். இப்போது அந்தப் பெயரே ஊருக்கு அர்த்தமாகிவிட்டது. பொதுச் சுகாதார ஆலோசனை என்று எழுதுங்கள். சர்க்கரைக்காரரும் குடியை விட நினைப்பவரும் அதே வாசலில் நுழையட்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் இருமுறையாவது கூட்டு மருந்து மையத்துக்கு வர வேண்டும். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்பது எடை பார்ப்பது போல ஒவ்வொரு வருகையிலும் நடக்க வேண்டும்.

3. வேலை

எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3ஆம் பிரிவு வேலை தருவதற்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதைத் தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் தடுக்கிறது. நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அதிகாரியை நியமிக்க வேண்டும். மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே போதும். சிப்காட்டில் நூறு பேருக்குக் குறையாத கம்பெனிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை கம்பெனியின் நோட்டீஸ் போர்டில் அந்த அதிகாரியின் பெயர் ஒட்டியிருக்கிறது? பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலை ஒட்ட வைத்த தொழிலாளர் துறையால் இதையும் ஒட்ட வைக்க முடியும்.

ஆனால் கம்பெனியில் இல்லை எங்கள் சிக்கல், கான்ட்ராக்டரிடம் இருக்கிறது. சேர்க்கும் முன் ‘மெடிக்கல்’ என்று ரத்தம் எடுப்பார்கள். எதற்கெல்லாம் சோதித்தார்கள் என்று சொல்வதில்லை. ரிப்போர்ட்டையும் கையில் தருவதில்லை. இரண்டு நாள் கழித்து, “ஆள் எடுத்தாச்சுப்பா, அடுத்த மாசம் பாக்கலாம்” என்பார்கள். எதற்காகக் கழித்தார்கள் என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. ஆகவே எடுக்கும் ரத்தத்தில் என்னென்ன சோதிக்கப்படுகிறது என்று தாய்மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், ரிப்போர்ட்டின் பிரதியைத் தொழிலாளியிடம் தர வேண்டும். லேப்களைத் தொழிலாளர் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும்.

கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஒரு தினக்கூலித் தொழிலாளி போட்ட வழக்கில் 1997இல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொற்று இருப்பது தெரிந்ததும் தற்காலிகத் தொழிலாளர் பட்டியலிலிருந்து அவரை ஒரு பொதுத்துறை நிறுவனம் எடுத்துவிட்டது. அவர் வேலை செய்யத் தகுதியோடு இருக்கிறார், சக தொழிலாளிக்கு அவரால் ஆபத்து இல்லை, தொற்றை மட்டும் வைத்து அவரை ஒதுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கில் அவர் பெயர் எம்எக்ஸ், நிறுவனத்தின் பெயர் இசட்ஒய். நிரந்தரத் தொழிலாளிகூட வாய் திறக்காத காலத்தில் ஒரு தற்காலிகக் கூலி வாங்கிய தீர்ப்பு அது. எங்கள் தொழிற்சங்கத் தோழர்களுக்கு அதை நினைவூட்டுகிறோம். போனஸ் பேச்சுவார்த்தைக்கு நீங்கள் காட்டும் அக்கறையில் கால்வாசி இதற்கும் காட்டினால் போதும்.

இஎஸ்ஐ நிர்வாகத்துக்கு: உங்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் எய்ட்ஸ் இருக்கிறது. இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்த தொழிலாளி நீண்ட விடுப்பில் 80 சதவீதக் கூலி பெறலாம். இதைக் கேட்டு வாங்கியவர் எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும், அது எச்.ஆர். மேசைக்குப் போகும் என்ற பயம்தான் காரணம். நிர்வாகத்துக்குப் போகும் தாளில் விடுப்பு நாட்கள் மட்டும் இருக்கட்டும். நோயின் பெயர் உங்கள் கோப்போடு நிற்கட்டும்.

4. எல்லை

ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறவர் இருக்கிறார். அத்திப்பள்ளியில் வாடகை குறைவு என்று தங்கிச் சிப்காட்டுக்கு வருகிறவரும் இருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்தவர் தன் ஊர் மையத்தின் பதிவோடு வந்து இங்கே நிற்கிறார். வேறு மையத்தில் பதிவானவருக்கும் இடையில் மாத்திரை தர ஏற்பாடு இருக்கிறது. பதிவுகளும் கணினிக்கு வந்துவிட்டன. ஆனாலும், “உங்க ஊர்லயே போய் வாங்குங்க” என்ற பதிலைக் கேட்காத வெளிமாநிலத் தொழிலாளி குறைவு. ஊர் என்பது இரண்டு ராத்திரி ரயில் பயணம்.

தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரண்டு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களும் இந்த எல்லைக்கென ஒரு பொது ஏற்பாடு செய்ய வேண்டும். மாத்திரை தீர்ந்து எந்த மையத்துக்கு வந்தாலும் அன்றே ஒரு மாதத்துக்கானதைக் கொடுத்துவிட்டு, பிறகு காகிதம் பார்க்க வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் துணைவர்களைப் பயிற்சி கொடுத்து ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். ‘என் உடம்புக்கு என்ன’ என்பதைச் சூப்பர்வைசரை மொழிபெயர்க்க வைத்துத் தெரிந்துகொண்ட தொழிலாளி எங்களோடு இருக்கிறார். அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை.

5. பெண்கள்

பெண்களுக்கு விஷயம் பெரும்பாலும் கர்ப்பத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. முதலில் தெரிந்தவள் அவள் என்பதால் கொண்டுவந்தவளும் அவளே என்று தீர்ப்பாகிவிடுகிறது. புருஷன் பரிசோதனைக்கே வர மாட்டான். அவன் செத்தால் வீட்டை விட்டுப் போ என்பார்கள். சட்டத்தின் 29ஆம் பிரிவு பகிர்ந்து வாழும் வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. இதை மகளிர் காவல் நிலையங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கணவருக்குத் தகவல் சொல்வதால் அடி, உதை, வெளியேற்றம் வரும் என்று பயம் இருந்தால் மருத்துவரும் சொல்லக் கூடாது என்று அதே சட்டம் கூறுகிறது. இதை மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

நாமக்கல் பெண் ஒருத்தி எங்களுக்கு வழி காட்டியிருக்கிறார். பி. கௌசல்யா. லாரித் தொழிலின் ஊரில் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தொற்று தெரிந்து, ஒளியாமல் முகம் காட்டிப் பேசி, 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கியவர். அவர் அன்று செய்ததை இன்று எங்களால் செய்ய முடியவில்லை. எங்களுக்குத் துணிச்சல் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து ஆண்டுகளில் ஊர் அவ்வளவாக மாறவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஹாஸ்டல் பெண்களுக்கு: மாத்திரை வைக்கப் பூட்டுள்ள அலமாரி. வார்டன் திறந்து பார்க்காத அலமாரி. இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

6. பிள்ளைகள்

தாய்க்குச் சரியான சிகிச்சை நடந்தால் குழந்தைக்குத் தொற்று வருவது மிகவும் அரிதாகிவிட்டது. ஆனால் அப்படி ஆவதற்கு முன் பிறந்தவர்கள் இன்று பதின்வயதில் இருக்கிறார்கள். அப்பா அம்மா இல்லாமல் பாட்டியிடம் வளர்கிறவர்கள். அஞ்செட்டிப் பக்கம் ஒரு பாட்டி தினமும் தரும் மாத்திரையைச் ‘சத்து மாத்திரை’ என்றே சொல்லி வைத்திருக்கிறார். பையன் பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்தைப் படித்துவிட்டு வந்து மாத்திரைப் பெட்டியின் பெயரைக் கூகுளில் தேடியிருக்கிறான். அன்றிலிருந்து அவன் பாட்டியிடம் பேசுவதில்லை.

பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று வளர்ப்பவர்களுக்குக் கற்றுத்தர ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்திலும் ஒருவர் வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 2009இல் தமிழ்நாடு அரசு உருவாக்கிய அறக்கட்டளையின் உதவியைப் பெறும் வழியை எங்கள் மாவட்டத்துப் பாட்டிகளுக்குத் தெரியும் மொழியில் விளக்குங்கள்.

7. மருத்துவமனை

சுருக்கமாக. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதாதீர்கள். படுக்கையின் தலைமாட்டில் அட்டை மாட்டாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு, “பெங்களூரு போயிடுங்க” என்று அனுப்பாதீர்கள். ஊசி தவறிக் குத்திக்கொண்ட ஊழியருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க எல்லா மருத்துவமனையிலும், இரவிலும், இருப்பு வைத்திருங்கள். அது இருந்தால் அவர்கள் எங்களைக் கண்டு பயப்பட மாட்டார்கள். சட்டம் சொல்லும் ஆம்புட்ஸ்மேன் யார், அவர் அலுவலகம் எங்கே என்பதை எல்லா மருத்துவமனை வாசலிலும் எழுதி வையுங்கள். புகாரை 30 நாளில் முடிக்க வேண்டியவர் அவர். உயிருக்கு அவசரம் என்றால் 24 மணி நேரத்தில்.

8. பிரச்சாரம்

2000களின் ஆரம்பத்தில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் புள்ளிராஜா இருந்தார். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாடே கேட்டது. பேச்சை ஆரம்பித்து வைத்ததில் அந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஊர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டது. எங்களில் ஒருவரைச் சக தொழிலாளிகள் பல ஆண்டு அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். வந்தவன் ஒழுக்கம் கெட்டவன் என்ற அர்த்தம் அந்தக் கேள்விக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு புள்ளிராஜா போனார், அதோடு பேச்சும் போயிற்று. இன்று லைனில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. கொசு கடித்தால் வருமா, மெஸ் தட்டில் வருமா என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறார்கள்.

டிசம்பர் 1ஆம் தேதிப் பேரணி போதாது. கம்பெனி சேர்க்கும் நாளில் ஹெல்மெட், ஷூ பற்றிச் சொல்லும் பாதுகாப்பு வகுப்பில் இருபது நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். பயம் காட்டாமல் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எப்படி வருகிறது, எங்கே சோதிப்பது, மாத்திரை போட்டால் என்ன ஆகிறது. மூன்றாவதைச் சொல்லாத பிரச்சாரத்தால் எங்களுக்கு நன்மை இல்லை, கேடுதான்.

பத்திரிகை நண்பர்களே, ‘எய்ட்ஸ் நோயாளி’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். எச்.ஐ.வி. உள்ளோர் என்று எழுதுங்கள். ஒருவர் இறந்தால் தெருப் பெயரும் தொழிலும் போடாதீர்கள். மிச்சமிருப்பவர்கள் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

9. எங்களைத் தாங்குகிறவர்கள்

நம்பிக்கை மைய ஆலோசகர்களும் லேப் டெக்னீஷியன்களும் ஒப்பந்த ஊழியர்கள். சிலர் பதினைந்து ஆண்டுக்கு மேலாக ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்கள். வேலை நிரந்தரமில்லாத லேத் ஆளுக்கு வேலை நிரந்தரமில்லாத ஆலோசகர் தைரியம் சொல்கிறார். அவர்களை நிரந்தரம் செய்யுங்கள். காலியிடங்களை நிரப்புங்கள். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அந்தப் பெருமையைப் பேசும் மாநிலம் அதே வேலையைத் தொடர்கிறவர்களுக்குச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

பதில் பற்றி

இந்தச் சாசனத்தின் கீழ் கையெழுத்து இல்லை. போட்டால் நாளைக்கு வேலை இருக்காது, வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நீதிமன்றத்திலேயே புனைபெயரில் வழக்காட எங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கோரிக்கைக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறோம். எத்தனை பேர் என்று கேட்டால், அணைப் பூங்காவின் இரண்டு சிமென்ட் பெஞ்சுகளில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தோம்.

பதிலை யாருக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கிலும் எழுதி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டைம் டேபிள் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பஸ் நேரத்தைப் பார்ப்பதுபோல நின்று படித்துக்கொள்கிறோம்.